எண்ணெயின்றி வந்த விளக்கு

கார்காலத்தின் கடைசி முகில்கள் தம் சுமையை இறக்கிவிட்டு இளைத்த உடலோடு மலையின் தோளில் சாய்ந்து கிடக்க, ஏரிகள் கரை ததும்ப, நெற்கதிர்கள் பால்பிடித்துத் தலைகவிழ, ஈரக் காற்றில் நெய்மணமும் பொரிமணமும் மாறிமாறி வீச, அண்ணாமலையைச் சூழ்ந்த எங்கள் ஊர்கள் அனைத்தும் அன்றைய அந்தியை எதிர்நோக்கி விடியலிலேயே விழித்துக்கொண்டன. அது கார்த்திகைத் திருநாள். கற்றறிந்த பெருமக்களே, ஆண்டு முழுவதும் ஞாயிற்றை வணங்கும் நாங்கள், அந்த ஒரு நாளில் மட்டும் அது எப்போது தொலையும் என்று காத்திருப்போம். மலைமுடியில் பெருஞ்சுடர் தோன்றும்வரை நீரும் பருகாதார் பலர். தம் வீட்டில் ஓர் அகலேனும் ஏற்றுவார் ஒருவரும் இலர். மலை ஏற்றிய பின்னரே மனை ஏற்ற வேண்டும் என்பது எங்கள் நாட்டு வழக்கு.

அந்த விடியலில், மலைக்குக் கீழ்பால் உள்ள கல்லேரி என்னும் ஊரிலிருந்து மேல்பால் உள்ள வேப்பூரணியை நோக்கி, வெற்றிலையும் பாக்கும் பழமும் வைத்த தட்டொன்றைத் துணியால் மூடி ஏந்தியவனாய்த் தனியே நடந்துகொண்டிருந்தான் செக்காட்டும் வேடியப்பன். புண்ணாக்குக்கு விலைபேசி வரப் போவதாக மனைவி உண்ணாமலையிடம் சொல்லியிருந்தான். அது பொய். அவன் போனது அவளுடைய தமையன் துரைக்கண்ணுவின் காலில் விழுவதற்கு.

காலில் விழும்படி அவன் செய்ததுதான் என்ன என்று கேட்பீர்கள். சொல்லுகிறேன். கார்த்திகை நாளில் உடன்பிறந்தவன், மணமாகிப் போன தங்கையின் வீட்டுக்குப் பொரியும் வெல்லமும் விளக்கும் சீராகக் கொணர்வதும், அவள் அவனுடைய நீடிய வாழ்வுக்காக அவ்விளக்கை ஏற்றுவதும் எங்கள் பக்கத்து முறை. கலத்தை வெறுமையாகக் கொடுப்பது ஆகாது என்பதால் விளக்கில் எண்ணெய் வார்த்தே கொடுப்பர். ஆண்டுகள் பலவற்றுக்கு முன், ஒரு கார்த்திகை அந்தியில், துரைக்கண்ணு புதிய பித்தளை விளக்கொன்றை, ஒற்றை முகம் உடையதை, மார்போடு அணைத்தபடி வந்து நின்றான். விளக்கின் குழி உலர்ந்து கிடந்தது. வாசலில் நின்ற பத்துப் பேர் காதுபட வேடியப்பன் வாயைத் திறந்தான்.

"இன்னா மச்சான், செக்குக்காரன் வூட்டுக்கு வெறும் வெளக்க எடுத்துனு வந்துகிற? எங்குடி இருண்டு போவணும்னு வேண்டுதலா? இல்ல, எண்ணயும் எங்கிட்டயே ஓசியில வாங்கிக்கலாம்னா?"

பத்துப் பேரும் சிரித்தார்கள். யானையின் வாயில் போன கரும்பும் ஆணின் வாயிலிருந்து போன சொல்லும் மீள்வதில்லை. துரைக்கண்ணு விளக்கை வாசற்படியில் வைத்தான், பொரிமூட்டையை அதன் அருகில் வைத்தான், தங்கையை நிமிர்ந்து பார்த்து, "நீ ஏத்திக்க தாயி. நல்லா இரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பினான். அதன்பின் அந்த வாசலை அவன் மிதிக்கவில்லை. அழைக்க வேண்டியவன் அழைக்கவும் இல்லை.

உண்ணாமலை கணவனோடு அதுபற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. பேசியிருந்தால் அவனுக்கு எளிதாக இருந்திருக்கும். அவள் செய்தது வேறு. வீட்டுக்குப் பின்புறம் வேலியோரத்தில் ஆமணக்கு விதைத்தாள். கொட்டைகளைப் பொறுக்கி, வறுத்து, இடித்து, தன் கையாலேயே காய்ச்சி எடுத்த விளக்கெண்ணெயைக் கொண்டுதான் ஆண்டுதோறும் தமையன் தந்த விளக்கை ஏற்றினாள். செக்கு ஆடும் வீட்டில், குடம் குடமாய் எண்ணெய் நிற்கும் வீட்டில், அந்த ஒரு விளக்குக்கு மட்டும் கணவனின் எண்ணெய் ஒரு துளியும் இல்லை. ஊர் அதைக் கண்டு உள்ளுக்குள் நகைத்தது. ஒவ்வொரு கார்த்திகையிலும் அந்தச் சிறுசுடர் கிழக்கு நோக்கி நின்று எரியும்போது வேடியப்பனுக்குத் தன் கன்னத்தில் அறை விழுவது போலிருக்கும். அறைகள் பல வாங்கியபின் அறிவு வந்தது. அந்தியில் மைத்துனனைக் கையோடு அழைத்துவந்து அவள்முன் நிறுத்திவிட வேண்டும் என்று உறுதி பூண்டுதான் அன்று புறப்பட்டான்.

வேப்பூரணியின் எல்லையை அவன் மிதித்தபோது பறையொலி கேட்டது. திருநாள் முழக்கம் என்றெண்ணி நடையை விரைவாக்கினான். தெருமுனை திரும்பியதும் அவ்வொலியின் நடை வேறென்று செவிக்குப் புலப்பட்டது. நெஞ்சு மட்டும் அதை ஏற்க மறுத்தது. துரைக்கண்ணுவின் வீட்டு வாசலில் பச்சைத் தென்னங்கீற்றுப் பந்தல். பந்தலின்கீழ், நெற்றியில் காசும் வாயில் வெற்றிலையுமாய், யாரோடும் எந்தக் கணக்கும் இல்லாதவனாய்த் துரைக்கண்ணு கிடந்தான். வேடியப்பனின் கைத்தட்டு சாய்ந்து பழங்கள் தெருப்புழுதியில் உருண்டன.

துரைக்கண்ணுவின் மனைவி பூங்காவனம் அவனைக் கண்டதும் பெண்கள் நடுவிலிருந்து எழுந்து வந்தாள்.

"வந்தியாண்ணே? இத்தினி வருசம் கழிச்சி வந்த. ஒரு நாளு முன்னாடி வரக் கூடாதா? வழியவே பாத்துனு இருந்தாரே! நாலு நாளா காய்ச்ச. விடியக்கால்ல அடங்கிட்டாரு."

வேடியப்பன் வாய்விட்டு அழுதான். அழுகையின் நடுவே, அத்தனை ஆண்டுகள் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்த முள் தானே வெளியே வந்தது. "அன்னிக்கி ஏம்மா மச்சான் வெறும் வெளக்கோட வந்தாரு? நானு கேட்டது தப்புதான். ஆனா ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே!"

"எண்ண ஊத்தித்தாண்ணே எடுத்துனு வந்தாரு. வழியில புள்ளாரு கோயிலு இருட்டிக் கெடந்துச்சாம். கார்த்திகையும் அதுவுமா சாமி இருட்டுல குந்தினுகிறாரேன்னு அந்த எண்ணய அங்க ஊத்தி ஏத்திட்டாரு. 'எம்மச்சான் செக்காட்றவரு, அவரு வூட்ல இல்லாத எண்ணயா? உரிமையா வாங்கி ஊத்திக்கலாம்னு போனேன் பூங்காவனம், ஊரு சிரிக்கப் பேசிட்டாரே'ன்னு வந்து சொன்னாரு. அதுக்கப்பறம் அந்தப் பேச்சே எடுக்கல."

உரிமையாக வாங்கி ஊற்றிக்கொள்ளலாம் என்று வந்தவனைத்தான் ஓசியில் வாங்க வந்தாயோ என்று கேட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் வேடியப்பனுக்கு விளங்கியது. இனி அது விளங்கி யாருக்கு என்ன பயன்? பூங்காவனம் கண்களைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னொண்ணு கேளுண்ணே. போறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு. 'இன்னிக்கி எந்தங்கச்சி எம்பேரு சொல்லி வெளக்கேத்துவா. அவ ஏத்தி முடிக்கங்காட்டியும் யாரும் போயி சொல்லாதீங்க. சாவுச் சேதி போன வூட்ல வெளக்கு எரியாது'ன்னாரு. அதான் ஆளு அனுப்பல. ஆனா எனக்கு மனசு ஒப்பலண்ணே. கூடப் பொறந்தவ. ஒரு பிடி வாய்க்கரிசி போட வேணாமா? தெருவுல பொணம் கெடந்தா ஊர்ல யாரும் வெளக்கேத்த முடியாது. மலமேல சொடரு தெரியறதுக்குள்ள எடுத்துடுவாங்க. நம்ம வண்டிய ஓட்டினு போ. இப்பப் போனா அழச்சினு வந்துடலாம். சொல்றதும் சொல்லாததும் உம்பாடு."

மாட்டுவண்டியை அவனே ஓட்டினான். மலையை வலமாகச் சுற்றும் வழியில், ஆலமரத்தடியில் அந்தப் பிள்ளையார் கோவில் இருந்தது. பகலொளியில் அதன் விளக்குமாடத்தின் எண்ணெய்க் கறை மின்னியது. வீட்டை அடைந்ததும் உண்ணாமலையை வண்டியில் ஏற்றிவிட வேண்டும். என்ன என்று கேட்டால் வழியில் சொல்லிக்கொள்ளலாம் என்று எண்ணினான். அண்ணனின் காளைகளை அவள் பார்த்தால் அறிந்துகொள்வாளே என்று வண்டியை ஏரிக்கரைப் புளியமரத்தடியில் நிறுத்தினான். நுகத்திலிருந்து மாடுகளை அவிழ்க்கவில்லை. உடனே திரும்பப் போகிறவன் எதற்கு அவிழ்க்க வேண்டும்?

வாசல் மெழுகிக் கோலமிட்டிருந்தது. கழுவிக் கவிழ்த்த அகல்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. அடுத்த வீட்டுக் கன்னியம்மாள் பஞ்சைத் தொடையில் உருட்டித் திரி திரித்தபடி அமர்ந்திருக்க, உண்ணாமலை நீரும் பருகாத நோன்போடு, முந்தானையை இழுத்துச் செருகி, அந்தப் பித்தளை விளக்கைப் புளியால் துலக்கிக்கொண்டிருந்தாள். வேடியப்பனைக் கண்டதும் கன்னியம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள்.

"வாய்யா செக்கு மொதலாளி! இன்னா, உப்பு விக்கப் போயி மழையில மாட்னவன் மாதிரி மூஞ்ச வெச்சினு வர்ற? புண்ணாக்க மாடே தின்னுட்ச்சா?"

உண்ணாமலை சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நெடுநாளாகியிருந்தது. அவள் உள்ளத்திலும் அன்று ஏதோ ஒன்று கனிந்திருந்தது என்பதை அவன் எங்ஙனம் அறிவான்?

"இந்தாங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நாளைக்கி காலைல நானு எங்கண்ணன் வூட்டுக்குப் போறேன். நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி. அதுக்குத்தான் அப்பத்துக்கு இத்தினி மாவு இடிச்சேன். ஆம்பளைங்க ரெண்டு பேரும் மொறச்சினே செத்துப் போவீங்க போலக்கீது. நடுவுல நானு எதுக்குக் காயணும்?"

"சொல்றாளே, கேளுய்யா!" என்றாள் கன்னியம்மாள். "மச்சான் கையால ரெண்டு குட்டு வாங்கினு வா. புத்தி வரும்."

வேடியப்பன் வாய் திறந்தான். அவள் துலக்கி முடித்த விளக்கைத் தூக்கிப் பிடித்து, அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஏரிக்கரையில் வண்டி நிற்கிறது, உன் அண்ணன் பந்தலில் கிடக்கிறான் என்னும் சொற்களை அந்த முகத்தின்மேல் வீச அவனால் இயலவில்லை. "புண்ணாக்கு வெல படியல" என்றான்.

மைத்துனனின் கடைசிச் சொல்லை நான் காக்கிறேன், ஒருநாளும் கேளாத அவன் சொல்லை இன்றாவது கேட்கிறேன் என்று அவன் தனக்குத்தானே கூறிக்கொண்டான். அது மெய்தான்; ஆயினும் பாதி மெய். உண்மையைச் சொன்ன மறுநொடி அவள் கண்கள் தன்மீது திரும்பும், அக்கண்களில் அந்தப் பழைய அந்தியும் பத்துப் பேர் சிரிப்பும் தோன்றும் என்னும் அச்சமே மறுபாதி. அன்பும் அச்சமும் ஒரே போர்வையைப் போர்த்திக்கொண்டால் எது எது என்று போர்த்தியவனுக்கே தெரிவதில்லை. அவன் செக்கடிக்குப் போனான், திரும்பி வந்தான், குடத்து நீரைக் குடித்தான், மறுபடியும் செக்கடிக்குப் போனான். "இன்னாங்க, மேலுக்கு முடியலியா?" என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெயில் சுவரிலிருந்து இறங்கியது. புறப்பட்டால் போய்ச் சேர முடியும் என்றிருந்த பொழுது, விரைந்தால் முடியும் என்றாகி, இனி முடியாது என்றாயிற்று. புளியமரத்தடியில் காளைகள் நுகம் சுமந்தபடியே நின்றன.

மாலை மங்கியது. ஊரே தெருவுக்கு வந்து மேற்குத் திசையில் முகம் உயர்த்தி நின்றது. கருமுகில் விலகிய மலைமுடியில் செம்பொட்டுப் போல் ஒரு புள்ளி தோன்றி, நடுங்கி, நிலைபெற்று, ஓங்கியது. "அண்ணாமலையானுக்கு அரோகரா!" என்னும் முழக்கம் ஊர்விட்டு ஊர் தாவி மலையைச் சுற்றிவந்தது. பிள்ளைகள் மாவலி சுற்ற, தெருவெங்கும் தீப்பொறிகள் வட்டமிட்டன. அதே சுடரைக் கண்டு வேப்பூரணியிலும் விளக்கேற்றியிருப்பார்கள். அவர்கள் ஏற்றுவதற்காகத் தெருவைவிட்டு ஒருவனை விரைந்து எடுத்துப் போயிருப்பார்கள் என்பதை அந்தக் கூட்டத்தில் ஒருவன் மட்டுமே அறிந்திருந்தான்.

உண்ணாமலை வீட்டு விளக்குகள் எவற்றையும் முதலில் தொடவில்லை. தமையனின் விளக்கை வாசற்படியின் நடுவில் வைத்தாள், விளக்கெண்ணெயை வார்த்தாள். அவ்வாண்டு மழையில் ஆமணக்குக் காய்கள் அழுகிப் போனதால் எண்ணெய் அரைக்குழிக்கே வந்தது. முகத்தைக் கிழக்கே திருப்பி ஏற்றிவிட்டு, கண்மூடிக் கைகூப்பினாள். வாய்க்குள் சொல்லும் வழக்கமுடையவள், அன்று மகிழ்ச்சியால் உரக்கவே சொன்னாள். "அண்ணாமலையாரே, எங்கண்ணன் நல்லாயிருக்கணும். நூறு வயசு இருக்கணும். அதுக்கு ஒரு கொறையும் வரக் கூடாது."

பின்பு அந்தச் சுடரிலிருந்து மற்ற அகல்களை ஒவ்வொன்றாய் ஏற்றி, மாடங்களிலும் மதில்மேலும் கிணற்றடியிலும் செக்கடியிலும் வைத்தாள். வீடு பொன்னாய்ப் பொலிந்தது. வெல்லப் பொரியில் ஒரு பிடி எடுத்துக்கொண்டு கணவனிடம் வந்தாள்.

"வாயத் தெறங்க. நோம்பு முடிஞ்சிது."

அவள் நீட்டிய கை அவன் உதடுகளைத் தொட்டதும் வேடியப்பன் உடைந்து போனான். அவள் காலடியில் சரிந்து, இரு கைகளாலும் தன் தலையில் அறைந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னான். பந்தலைச் சொன்னான், பிள்ளையார் கோவிலைச் சொன்னான், கடைசிச் சொல்லையும் சொன்னான். பொரி அவள் விரல்களினூடே சிந்திக்கொண்டிருந்தது.

"காலைலியே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"எடுத்துட்டாங்களா?"

"மலயில வெளக்கு தெரியறதுக்கு முன்னாடி."

"நானு கைகூப்பி நூறு வயசு கேட்டப்ப, பக்கத்துல நின்னு கேட்டுனு இருந்தீங்க." அவள் குரல் உயரவில்லை. "அண்ணன் சொல்லும். அதுக்கு நானு எப்பவும் கொழந்த. உங்களுக்குமா நானு கொழந்த? அது வெளக்கத்தான் காப்பாத்தச் சொல்லிச்சி. அது மூஞ்சிய நானு பாக்க வேணாமா? ஒரு பிடி அரிசி போட வேணாமா? அன்னிக்கி பேசக் கூடாத நேரத்துல பேசினீங்க. இன்னிக்கி பேச வேண்டிய நேரத்துல வாய மூடினு இருந்துட்டீங்க."

வேடியப்பன் தடுமாறி எழுந்தான். சாவு விழுந்த குடும்பத்தில் திருநாள் விளக்கு எரியலாகாதே என்னும் நினைவு மட்டுமே அவனுக்கு மிஞ்சியிருந்தது. அருகிலிருந்த அகலின்மேல் குனிந்து ஊதப் போனான்.

"வாயால ஊதாதீங்க!"

அப்போதுதான் அவள் குரல் வெடித்தது. தெருவில் மாவலி சுற்றிய பிள்ளைகள் கை ஓய்ந்து நின்றனர். அவள் தன் கூந்தலில் சூடியிருந்த பூச்சரத்தை அறுத்து எடுத்து, அதன் பூக்காம்பினால் ஒவ்வொரு திரியையும் எண்ணெய்க்குள் இழுத்துக் குளிர வைத்தாள். மதில் இருண்டது, மாடங்கள் இருண்டன, கிணற்றடி இருண்டது. ஓசை கேட்டு வந்த கன்னியம்மாள் வாசலில் நின்றாள். ஊர் முழுவதும் ஒளிவெள்ளமாய் மிதக்க, அந்த ஒரு வீடு மட்டும் பல்விழுந்த இடம் போல் இருட்டாயிற்று.

எஞ்சியது தமையனின் விளக்கு. உண்ணாமலை அதன்முன் அமர்ந்தாள். கிழக்கு நோக்கி நின்ற விளக்கின் அடியை இரு கைகளாலும் பற்றி, சுடர் அசையாதபடி, உறங்கும் பிள்ளையைப் புரட்டிக் கிடத்துவது போல மெல்ல மெல்லத் திருப்பினாள். எங்கள் பக்கத்தில் வாழ்வோர்க்கு ஏற்றும் விளக்கு தெற்கு நோக்காது; தெற்கு இறந்தோரின் திசை. அவள் அதைத் தெற்கே திருப்பி வைத்துவிட்டு, நெற்றியைத் தரையில் மோதி, "அண்ணா!" என்று அலறினாள். அத்தனை ஆண்டுகள் பேசாது அடக்கிய குரல் அத்தனையும் அந்த ஒரு சொல்லில் வந்தது.

அவள் அழுது அழுது ஓய்ந்தபோது சுடர் குன்றத் தொடங்கியிருந்தது. அரைக்குழி எண்ணெயும் வற்றித் திரி கருகும் மணம் எழுந்தது. இறந்தவர்க்கு வைத்த விளக்கு அவிய விடலாகாது. அவள் கைக்கலத்திலோ ஆமணக்கெண்ணெய் ஒரு துளியும் இல்லை. வேடியப்பன் உள்ளே போய்ச் செக்கெண்ணெய்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். வார்க்கத் துணியவில்லை, போகவும் துணியவில்லை.

உண்ணாமலை அவனைப் பாராமலே, கருகிய திரியைப் பூக்காம்பால் தூண்டிவிட்டாள். பின்பு சற்றே விலகி இடம்விட்டாள்.

"ஊத்துங்க" என்றாள். "அன்னிக்கே ஒரு கரண்டி ஊத்தியிருந்தா இன்னா?"

அவன் வார்த்தான். கண்ணீர் மறைக்க, எண்ணெய் குழி நிரம்பிப் படியில் வழிந்து கோலத்தை நனைத்தது. சுடர் நிமிர்ந்து நின்றது. மலைமேல் எரிந்த பெருஞ்சுடரும் படியில் எரிந்த சிறுசுடரும் விடியும்வரை சேர்ந்தே விழித்திருந்தன.

பெருமக்களே, விளக்கின் அடியில் இருள் என்பர் முன்னோர். அந்த இருளை ஒருவராலும் ஒழிக்க இயலாது. ஆனால் உயிரோடு வந்து வாசலில் நிற்பவனின் உலர்ந்த விளக்குக்கு ஒரு கரண்டி எண்ணெய் வார்ப்பது யாருக்கும் இயலும். அதைச் செய்யாதவர் பின்னர் குடம் குடமாய் வார்த்தால், அவ்விளக்கு எரியும்தான். தெற்கு நோக்கியே எரியும்.